தலப்படமும் விமானப் படப் பின்னணியும்

ஸ்வாமித்வா திட்டத்தின்கீழ் ஒரு கிராமத்தின் குடியிருப்புப் பகுதியை அளக்க வரும் குழுவினர், ஆளில்லாச் சிறு விமானத்தைப் பறக்கவிடுவதற்கு முன்னர் வேறொரு வேலையைச் செய்து முடிக்கின்றனர். ஊர் மக்களும் பஞ்சாயத்தாரும் வருவாய்த்துறை ஊழியரும் உடனிருக்க, மனைகளின் எல்லைகளில் சுண்ணாம்புத் தூளால் வெள்ளைக் கோடு இழுக்கப்படுகிறது. அதன் பின்னரே விமானம் மேலெழும்பிப் படம் எடுக்கிறது. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்ற இத்திட்டத்தில் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றிருப்பது இந்திய சர்வே இலாகா. தரையிலுள்ள சிறு பொருளையும் விட்டுவிடாது பதியவல்ல காமிரா இருக்கையில், சுண்ணாம்புக் கோடு எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. விடை எளியது. காமிரா சுவரைக் காண்கிறது. அச்சுவர் யாருடையது என்பதை அது காண்பதில்லை. எல்லை என்பது மக்களின் அறிவிலும் உடன்பாட்டிலும் இருப்பது. அதனை மக்களே தரைமீது எழுதிக் காட்டினாலன்றி வானிலிருக்கும் கண்ணுக்கு அது புலனாகாது.

இந்தச் சுண்ணாம்புக் கோட்டில் பெரியதோர் உண்மை அடங்கியிருக்கிறது. விமானப் படம் எவ்வளவு நுட்பமானதாயினும் தானாகவே தேசப்படம் ஆகிவிடாது. நிலத்தின்மேல் உள்ளதைப் படம் காட்டும். நிலத்தைப் பற்றி மனிதர் அறியவேண்டியதைத் தேசப்படம் கூறும். இவ்விரண்டையும் ஒரே தாளில் இணைத்து, விமானத்திலிருந்தோ செயற்கைக்கோளிலிருந்தோ எடுத்த படத்தைப் பின்னணியாக வைத்து, அதன்மேல் சாலை, ஓடை, எல்லை, சம உயரக் கோடு, ஊர்ப்பெயர் ஆகியவற்றைப் பொறிக்கும் வழக்கம் இன்று பெருகி வருகிறது. வழக்கம் நல்லதே. ஆயினும் அவ்வாறு வெளிவரும் தாள்களில் பார்க்க அழகியனவாயும் படிக்கக் கடினமானவையாயும் அமைபவை பல. படிக்க முடியாத தேசப்படம், அதனைக் கையில் வைத்திருப்பவருக்கு உதவாமற் போவதோடு, தவறான வழியையும் காட்டிவிடக்கூடும். ஆதலின், பின்னணி பின்னணியாகவே நிற்கவேண்டும், கோடும் பெயருமே முன்நிற்கவேண்டும் என்னும் கொள்கையைத் தேசப்படம் ஆக்குவோர் உறுதியாகக் கடைப்பிடித்தல் அவசியமாகிறது.

வெண்தாளில் வளர்ந்த மரபு

மேடு பள்ளம், நீர், காடு, ஊர், பாதை ஆகிய யாவற்றையும் ஓர் ஒழுங்கில் காட்டுவது தலப்படம். இந்தியாவில் இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1767-இல் தோன்றிய இந்திய சர்வே இலாகா உலகின் பழமையான சர்வே நிறுவனங்களுள் ஒன்று. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில் வில்லியம் லாம்டன் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். முக்கோண அளவை முறையால் இந்த நாடு முழுவதும் அளக்கப்பட்ட பெருமுயற்சி அங்கிருந்தே கிளைத்தது. பிற்காலத்து ஒவ்வொரு தலப்படமும் இவ்வாறு அளந்து நிறுவப்பட்ட புள்ளிகளைப் பற்றிக்கொண்டே வரையப்பட்டது.

இத்தலப்படங்களைக் கையாண்டு பழகியோருக்கு அவற்றின் வண்ண ஒழுங்கு மனப்பாடமாகியிருக்கும். பழுப்பில் சம உயரக் கோடுகள், நீலத்தில் வற்றாத நீர், பச்சையில் காடு, மஞ்சளில் சாகுபடி நிலம், சிவப்பில் சாலையும் குடியிருப்பும், கருப்பில் பெயர்களும் இருப்புப்பாதையும். நீரோடும் ஓடையை நீலத்திலும் வறண்டு கிடக்கும் ஓடையைக் கருப்பிலும் பிரித்துக் காட்டும் நுட்பமும் அதில் உண்டு. இவ்வொழுங்கு பல தலைமுறைகளின் அனுபவத்தில் விளைந்தது. ஆனால் அது வெண்தாளை நம்பி விளைந்தது என்பதை மறத்தலாகாது. தாள் வெண்மையாக இருந்தமையால்தான் மெல்லிய பழுப்புக் கோடும் தெளிவாகத் தெரிந்தது. இளமஞ்சளும் இளம்பச்சையும் தமக்குள் மயங்காமல் நின்றன.

விமானப் படமோ வெண்தாள் அன்று. ஜெய்சல்மேர்ப் பக்கத்து மணற்பரப்பு படத்தில் ஏறத்தாழ வெண்மையாகத் தோன்றும். சுந்தரவனத்து அலையாத்திக் காடு கருமையை ஒட்டிய பச்சையாகத் தோன்றும். இத்தனை தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. ஒரே தாளில் ஒரு சால் மரக்காடும், அதையொட்டி அறுவடை முடிந்த வயலும், நடுவே ஆற்று மணலும், மலையின் நிழலும் அடுத்தடுத்து வரக்கூடும். அத்தாளின் குறுக்கே ஒரு சாலையை வரைவதாகக் கொள்க. வெண்மையான கோடு மணலில் மறைகிறது. கருப்புக் கோடு காட்டில் மறைகிறது. பழுப்புக் கோடு உழுத மண்ணில் மறைகிறது. பின்னணி இருளிலிருந்து ஒளிவரையுள்ள எல்லா நிலைகளையும் தானே கைப்பற்றிக்கொண்டு விட்டமையால், எந்த ஒரு தனி நிறமும் எங்கும் தெரியும் என்பதற்கில்லை. வெண்தாளுக்கு ஏற்பட்ட குறிகளை அப்படியே எடுத்துப் படத்தின்மேல் பதிப்பது, அமைதியான வகுப்பறைக்குப் பழகிய குரலில் சந்தைக்கூட்டத்தில் பாடம் நடத்துவதை ஒக்கும்.

படத்தை அடக்குதல்

இதற்குப் பரிகாரம் உண்டு. முதலாவது, படத்தையே அடக்கிவிடுதல். மிக இருண்ட பகுதிகளைச் சற்று வெளிறச் செய்து, மிக ஒளிர்ந்த பகுதிகளைச் சற்றுத் தணித்து, வண்ணத்தின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டால், மேலே வரையும் குறிகளுக்கு இருளும் ஒளியும் மீதமாகக் கிடைக்கும். இவ்வாறு செய்தால் படம் தன் எழிலை இழந்துவிடும் என்று கூறுவோர் உண்டு. அது மெய்யே. ஆனால் தலப்படத்தில் படம் ஏற்றிருப்பது துணைப்பணி. எழில்மிக்க முழுப் படம் வேண்டுவோர் அதனைத் தனியே பெற்றுப் பார்க்கலாம். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2009-இல் தொடங்கிய புவன் என்னும் வலைத்தளம் அதற்கென்றே அமைந்தது.

இரண்டாவது, ஒவ்வொரு முக்கியக் கோட்டுக்கும் கரை அமைத்தல். சிவப்புச் சாலைக்கு இருபுறமும் மெல்லிய வெண்கரையும், வெண்சாலைக்கு மெல்லிய கருங்கரையும் இருப்பின், மணலில் ஒன்றும் காட்டில் மற்றொன்றும் துணைநிற்கும். ஊர்ப்பெயர்களின் எழுத்துக்களைச் சுற்றியும் இத்தகைய கரை வேண்டும். ஆனால் இதிலும் அளவு உண்டு. எல்லாக் கோட்டுக்கும் தடித்த கரை இட்டால் தாள் முழுவதும் கரையாகவே நிரம்பிப் படத்தை மூடிவிடும். சாலை, எல்லை, பெயர் ஆகிய மூன்றுக்கும் கரை தந்து, மெல்லிய சம உயரக் கோடுகளுக்கு இடைவெளிவிட்டு வரும் தடித்த கோட்டின் எண்ணுக்கு மட்டும் அதனை அளிப்பது போதுமானது.

மூன்றாவது, பரப்பை நிரப்பும் வண்ணங்களைக் கைவிடுதல். காட்டின் படத்தின்மேல் பச்சையையும் வயலின் படத்தின்மேல் மஞ்சளையும் பூசினால் படமும் கெடுகிறது, வண்ணமும் கெடுகிறது. காப்புக்காடு எங்கு முடிகிறது என்பதுதான் களத்தில் வேண்டும் செய்தி. அதனை எல்லையோரமாக உட்புறம் ஓடும் ஒரு மெல்லிய பட்டையால் உணர்த்தினால் போதும். பட்டைக்குள் இருப்பது தேக்கா புல்வெளியா என்பதைப் படமே கூறிவிடும்.

இதிலிருந்து பொதுவான விதியொன்றை வகுத்துக்கொள்ளலாம். படம் தானே தெளிவாகக் காட்டுவதை மீண்டும் வரைய வேண்டுவதில்லை. படத்தால் காட்ட இயலாததை வரையாமல் விடவும் கூடாது. கூரைகள் படத்தில் தெரிகின்றன. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டம் போடுவது வீண். ஆனால் அக்கூரைகளுள் எது பள்ளிக்கூடம், எது ஆரம்ப சுகாதார நிலையம், எது போலீஸ் நிலையம் என்பது கூரையைக் கண்டு அறியக்கூடியதன்று. அவற்றுக்குக் குறி வேண்டும். மாவட்ட எல்லையும் மாநில எல்லையும் வானிலிருந்து தெரிவதே இல்லை. உயரமும் தெரிவதில்லை. பெயரும் தெரிவதில்லை.

அளவைக்கும் இதில் பங்கு உண்டு. 1:50,000 அளவையில் தரையின் 50 மீட்டர் தாளில் 1 மில்லிமீட்டர் ஆகிறது. 6 மீட்டர் அகலமுள்ள சாலை அதில் 0.12 மில்லிமீட்டரே இருக்கும். கண்ணுக்கு அது ஒரு மயிரிழை. எனவே வரைவோர் அதனை அரை மில்லிமீட்டராகப் பெருக்கிக் காட்டுகின்றனர். அந்த அரை மில்லிமீட்டர், தரையில் 25 மீட்டருக்குச் சமம். சாலையோரத்து வீடுகளின் படம் அதன் அடியில் புதைந்துபோகிறது. 1:10,000 அளவையிலோ அதே சாலை தன் உண்மை அகலத்திலேயே 0.6 மில்லிமீட்டராகத் தோன்றும். படமும் கோடும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. ஆகவே பெரிய அளவைத் தாள்களில் விமானப் படப் பின்னணி மிகப் பயன்தரும் என்றும், 1:50,000 போன்றவற்றில் அது நிலத்தின் பொதுத் தோற்றத்தைக் காட்டும் மெல்லிய சாயையாக மட்டுமே இருத்தல் தகும் என்றும் கொள்வதே முறை.

இடம் பெயர்ந்த மலையுச்சி

பின்னணியாக வைக்குமுன் படத்தையே திருத்தியாகவேண்டும். விமானத்திலிருந்து எடுக்கும் படத்தில் உயரமான பொருள்கள் படத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்து விழுகின்றன. தரையிலிருந்து 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் 300 மீட்டர் உயரமுள்ள குன்றைப் படம் பிடிப்பதாகவும், அக்குன்றின் உச்சி படத்தின் மையத்திலிருந்து 90 மில்லிமீட்டர் தள்ளி விழுவதாகவும் வைத்துக்கொண்டால், அவ்வுச்சி தனக்குரிய இடத்திலிருந்து 9 மில்லிமீட்டர் பெயர்ந்து நிற்கும். படத்தின் அளவை 1:20,000 என்றால் இப்பிழை தரையில் 180 மீட்டர். இதனைக் களையாமல் அதன்மேல் சரியாக அளந்த சம உயரக் கோடுகளைப் பதித்தால், ஓடை மலைச்சரிவில் ஏறுவது போலவும், பாதை பள்ளத்தாக்கின் மறுகரையில் செல்வது போலவும் தோன்றும். கோடு பிழையா, படம் பிழையா என்று களத்தில் நிற்பவர் திகைப்பார். பெரும்பாலோர் கண்ணால் காணும் படத்தையே நம்பி, சரியான கோட்டைப் பிழையென ஒதுக்கிவிடுவர்.

ஆதலின் ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் கணக்கிட்டு, படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் நேர்மேலிருந்து நோக்கியது போல் அதனதன் இடத்தில் அமர்த்தவேண்டும். இவ்வாறு நேராக்கிய படமே பின்னணிக்குத் தகுதியுடையது. இதற்கு வேண்டிய உயர அளவுகளைப் பெறவே 2005 மே 5 அன்று விண்ணில் ஏவப்பெற்ற கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளில் முன்னோக்கியும் பின்னோக்கியும் சாய்ந்த இரு காமிராக்கள் வைக்கப்பட்டன. ஒரே நிலத்தை இரு கோணங்களில் காண்பதால் மேடும் பள்ளமும் கணக்கில் வந்துவிடுகின்றன. படத்தை ஆராயும் கலையைப் பயிற்றுவதற்கென 1966-இலேயே டேராடூனில் ஒரு கழகம் நிறுவப்பட்டதும், அதுவே வளர்ந்து இன்று இந்தியத் தொலையுணர்வு நிறுவனமாக விளங்குவதும் குறிப்பிடத்தக்கன.

குன்று பள்ளமாகத் தோன்றுதல்

நேராக்கிய படத்திலும் ஒரு மயக்கம் எஞ்சியிருக்கிறது. மலைப்பகுதியின் செயற்கைக்கோள் படத்தை வடக்கு மேலே இருக்குமாறு வைத்துப் பார்ப்போருள் பலருக்கு முகடு பள்ளமாகவும் பள்ளத்தாக்கு முகடாகவும் தலைகீழாகத் தோன்றும். காரணம் நிழல். மழைக்காலம் ஓய்ந்து வானம் தெளிந்த குளிர்மாதங்களின் முற்பகலில் சூரியன் தென்கிழக்கில் நிற்கிறது. நிழல்கள் வடமேற்கே விழுகின்றன. அதாவது, தாளில் இடப்பக்க மேல்நோக்கி விழுகின்றன. மனிதக் கண்ணோ ஒளி மேலிருந்து வருவதாகவே கொள்ளப் பழகியது. எனவே கீழிருந்து ஒளி பெற்ற குன்றை அது மேலிருந்து ஒளி பெற்ற குழியென்று எண்ணிவிடுகிறது. தேசப்பட வல்லுநர்கள் நிழல் தீட்டும்போது ஒளி வடமேற்கிலிருந்து வருவதாகக் கற்பித்துக்கொள்வது இதனாலேயே ஆகும். இக்கலையில் உலகறிந்த ஆசானாகிய ஸ்விட்சர்லாந்து நாட்டு எடுவர்ட் இம்ஹோப் (1895–1986), மலைகளைத் தாளில் தீட்டும் முறைபற்றி 1965-இல் வெளியிட்ட நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

சூரியனை இடம்மாற்ற எவராலும் ஆகாது. ஆனால் மயக்கத்தைத் தீர்க்கும் வழிகள் உள்ளன. படத்தின் நிழற்பகுதிகளைத் தணித்து வெளிறச் செய்யலாம். ஓடைகளை ஒன்றுவிடாமல் நீலக் கோட்டால் காட்டலாம். நீலக்கோடு ஓடும் இடம் முகடாக இருக்க இயலாதென்பதைக் கண் உடனே உணர்ந்துகொள்ளும். உச்சிகளின் உயரத்தை எண்ணால் குறிக்கலாம். சம உயரக் கோடுகளின் எண்கள் ஏறும் திசையில் நிமிர்ந்து நிற்குமாறு எழுதலாம். உத்தராகண்டத்தின் செங்குத்துச் சரிவுகளில் ஒரு குழுவை எந்த முகட்டின் வழியாக அனுப்புவது என்று தீர்மானிக்கும் ஊழியருக்கு இது அழகுணர்ச்சி பற்றிய விவாதம் அன்று. சென்றவர் திரும்பி வருவது பற்றிய விஷயம்.

படம் எடுத்த நாள்

விமானப் படம் ஒரு கணத்தின் சாட்சி. அக்கணம் எதுவென்று கூறாத சாட்சியம் பயனற்றது. மத்தியப் பிரதேசத்துத் தேக்குக் காடு அக்டோபரில் பசுமையாகவும் ஏப்ரலில் இலையுதிர்ந்து மண் நிறமாகவும் இருக்கும். இரண்டாவது படத்தை மட்டும் கண்டவர் காடு அழிந்ததென்று எண்ணக்கூடும். ஏரி நிறைந்த மாதத்துப் படமும் வற்றிய மாதத்துப் படமும் ஒரே ஊருக்கு இரு வேறு தோற்றங்களைத் தருகின்றன.

பீகாரின் கோசி நதி இதற்குத் தக்க சான்று. இமயத்திலிருந்து பெருமளவு வண்டலைச் சுமந்து வரும் இந்நதி, கடந்த இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் சுமார் 120 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்து வந்தது. கரைகள் கட்டப்பட்ட பின்னர் அது ஓரளவு ஓரிடத்தில் அடங்கியது. 2008 ஆகஸ்டு 18 அன்று நேபாளத்தின் குசஹா என்னுமிடத்தில் கரை உடைந்தபோது, நதி தான் விட்டுச்சென்ற பழைய தடங்களுள் புகுந்து சுபௌல், மதேபுரா முதலிய மாவட்டங்களைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்தியது. அதற்கு முந்திய குளிர்காலத்தில் அந்நிலத்தைப் படம் பிடித்திருந்தால் அதில் தெரிந்திருக்கக்கூடியவை வயல்களும் ஊர்களும் பாதைகளுமே. நதி அங்கே கண்ணுக்குத் தெரிந்திராது. ஆனால் தாழ்நிலத்தையும் பழைய தடங்களையும் கோடாகக் காட்டும் தலப்படம், நீர் வந்தால் எவ்வழியே வரும் என்பதைப் படிக்கத் தெரிந்தவருக்கு உணர்த்தும். அக்கோடுகள் பசுமையான வயலின் படத்துள் மூழ்கித் தெரியாமற் போகுமானால், தேசப்படம் தன் தலையாய கடமையில் தவறியதாகும். மிகத் தட்டையான நிலத்தில் சம உயரக் கோடுகள் அரிதாகவே வரும். ஆதலின் வருகின்ற ஒன்றிரண்டையும் முன்னினும் தெளிவாகக் காட்டுதல் அங்கே இன்றியமையாதது.

எனவே பின்னணிப் படம் எடுக்கப்பட்ட மாதத்தையும் ஆண்டையும், களத்தில் சரிபார்த்த ஆண்டையும், உயரங்கள் அளந்த ஆண்டையும் தனித்தனியே தாளின் ஓரத்தில் அச்சிடவேண்டும். மூன்றும் ஒன்றாக இருப்பது அரிது. வேறுபடுவது குற்றமன்று, மறைப்பதே குற்றம்.

பெயர் தருவோர்

படத்தில் பெயர் இல்லை. ஒரு குன்றுக்கு அடிவாரத்து ஊரார் ஒரு பெயரும் மறுபுறத்தார் வேறொரு பெயரும் வழங்குவர். ஓர் ஓடை மூன்று ஊர்களைக் கடக்கும்போது மூன்று பெயர் பெறும். இவற்றை நேரில் சென்று கேட்டு, உள்ளூர் ஒலிப்புக்கு ஏற்ப எழுதிக்கொண்டு வருபவர் களப்பணியாளர். விமானமும் செயற்கைக்கோளும் வந்தமையால் அவருடைய வேலை குறைந்துவிட்டதென்று கருதுவது தவறு. வேலையின் தன்மை மாறியிருக்கிறது. முன்னர் அவர் கோட்டை வரைந்து பெயரையும் சேகரித்தார். இன்று கோட்டிற் பெரும்பகுதியை அலுவலகத்திலேயே படத்தைப் பார்த்து வரைந்துவிடுகின்றனர். ஆனால் அது சரியா என்று கூறவும், பெயரைத் தரவும், அடர்ந்த மரநிழலில் மறைந்த ஒற்றையடிப் பாதையைக் காட்டவும் அவரே வேண்டும்.

இவ்விடத்தில் மாற்றுக் கருத்தொன்றையும் ஆராய்தல் நேர்மையாகும். சாதாரண மக்களுக்குக் குறிகள் விளங்குவதில்லை. படத்தைக் காட்டினாலோ, இது என் வீடு, இது எங்கள் குளம், இது கோயில் ஆலமரம் என்று அவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்கின்றனர். ஆகவே படமே போதும், கோடுகளைக் குறையுங்கள் என்று வாதிப்போர் உளர். இவ்வாதத்தின் முற்பகுதி முழு உண்மை. தான் வாழும் இடத்தைப் படத்தில் கண்டுகொள்ளும் ஆற்றல் எழுத்தறிவில்லாதவர்க்கும் உண்டு. விமானப் படப் பின்னணியின் மிகப் பெரிய சிறப்பே இதுதான். இதற்காகவே அதனை ஏற்றுக்கொள்ளவேண்டும். ஆனால் பிற்பகுதி ஏற்கத்தக்கதன்று. கிராமக் கூட்டத்தில் வரைவுப்படத்தை வைத்து ஆட்சேபம் கேட்கும்போது மக்கள் சரிபார்க்கவேண்டியது வீட்டின் தோற்றத்தை அன்று. வீட்டைச் சுற்றி வரைந்த எல்லைக் கோட்டை. தன் வீட்டைக் கண்டு மகிழ்ந்த ஒருவர், ஓட்டுக் கூரையின் செந்நிறத்தில் மறைந்த சிவப்பு எல்லைக்கோடு பக்கத்து மனைக்குள் வளைந்திருப்பதைக் கவனியாமல் ஒப்புதல் தந்துவிட்டால், அப்பிழை ஆவணமாகிவிடும். இடத்தைக் கண்டுகொள்ளப் படம். முடிவு செய்யக் கோடு. இரண்டும் வேண்டும், ஆனால் கோடு தெளிவில் ஒருபடி மேலாக இருக்கவேண்டும்.

அயல்நாட்டு அனுபவமும் இந்நாட்டுத் தேவையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டுப் புவியியல் ஆய்வு இலாகா 1:24,000 அளவையில் தன் தலப்படங்களைப் புதிய முறையில் 2009 முதல் வெளியிட்டு வருகிறது. கணிப்பொறியில் திறக்கும் அத்தாளில் நேராக்கிய விமானப் படம் ஓர் அடுக்காகவும், சாலை, நீர், சம உயரக் கோடு, பெயர் ஆகியவை வெவ்வேறு அடுக்குகளாகவும் அமைந்துள்ளன. வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை நீக்கிக்கொள்ளலாம். படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே குறிகள் தெரியவேண்டும் என்பதால் வண்ணங்களையும் கோடுகளின் அகலத்தையும் அதற்கெனவே புதிதாக வகுக்கவேண்டிய நிலை அங்கே ஏற்பட்டது. பழைய குறிகளை அப்படியே படத்தின்மேல் வைத்தல் போதாது என்பதே அங்குப் பெற்ற பாடம்.

அடுக்குகளாகத் தருவது இந்நாட்டிலும் பின்பற்றத்தக்கதே. ஆனால் இங்கு இன்னும் ஒரு தேவை உண்டு. அச்சிட்ட தாளில் அடுக்கை நீக்க இயலாது. வட்டார அலுவலகத்தில் எடுத்த கருப்பு வெள்ளைப் பிரதியே பல களப்பணியாளர்களின் கைக்கு வந்து சேர்கிறது. வண்ணப் பின்னணி அப்பிரதியில் கரிய திட்டாகி, சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகி, பெயர்கள் அத்திட்டுக்குள் புதைந்துவிடுகின்றன. ஆகவே அச்சுத்தாளின் ஒருபுறம் படமின்றிக் கோடுகள் மட்டும் உள்ள தலப்படத்தையும், மறுபுறம் அதே அளவையில் மெல்லிய படப் பின்னணியுடன் கூடிய தலப்படத்தையும் பதிப்பது நன்று. செலவு சிறிது கூடும், பயன் பெரிது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர் ஊழியரிடையேயும் இருப்பர் என்பதால், நிறத்தால் மட்டுமன்றி, தடிப்பாலும் விட்டுவிட்டு வரும் புள்ளிகளாலும் கோடுகள் வேறுபடுதல் வேண்டும்.

அனைத்துக்கும் மேலாக, தாளை வெளியிடுமுன் அதனைப் பயன்படுத்தப்போகும் மனிதரிடம் கொடுத்துச் சோதிக்கவேண்டும். குளிரூட்டிய அறையில் பெரிய திரையில் பார்த்துத் தெளிவென்று தீர்மானிப்பது போதாது. நண்பகல் வெயிலில் வனக் காவலரிடம் ஒரு தாளைக் கொடுத்து, இந்த முகாமிலிருந்து அந்த நீர்நிலைக்குச் செல்லும் பாதை எது, நடுவே எத்தனை மீட்டர் ஏறவேண்டும், எந்த ஊரின் எல்லையைக் கடக்கிறது என்று கேட்கவேண்டும். எவ்வளவு நேரத்தில் விடை வருகிறது, எத்தனை விடை சரி என்று குறித்துக்கொள்ளவேண்டும். எந்தத் தாள் அழகாக இருக்கிறது என்று கேட்டால் செழுமையான படம் உள்ளதையே பலர் சுட்டுவர். எதைக் கொண்டு சரியான விடை கூறினர் என்பதே முடிவாகக் கொள்ளத்தக்கது. விருப்பமும் தெளிவும் எப்போதும் ஒன்றாவதில்லை.

பள்ளியில் ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் இவ்வுண்மையை மாணவருக்கு எளிதில் புலப்படுத்தலாம். பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் விமானப் படத்தை அச்சிட்டு, அதன்மேல் ஒளிபுகும் மெல்லிய தாளை வைத்து, சாலை, ஓடை, குளம், எல்லை ஆகியவற்றை மாணவர்கள் வரையட்டும். பின்னர் வெளியே அழைத்துச் சென்று, படத்தில் தெரியாதவற்றை, ஊர்ப்பெயரை, பொதுக்கிணற்றை, மரத்தடிப் பாதையைக் கேட்டறிந்து சேர்க்கட்டும். இறுதியாக அடியிலுள்ள படத்தை உருவி எடுத்துவிட்டு மேல்தாளை மட்டும் மற்றொரு வகுப்பாரிடம் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொல்லலாம். அவர்கள் வழி தவறாவிடின் மாணவர் வரைந்தது தேசப்படம். தவறினால் எது விடுபட்டதென்று அவர்களே உணர்வர். மலைப்பகுதிப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினால், பள்ளமாயிருந்தது குன்றாக எழும் விந்தையையும் அவர்கள் நேரில் காண்பர். நிழல்பற்றிய பாடம் பின்னர் மறவாது.

பொதுமக்களும் நிறுவனங்களும் நிலப்படத் தரவுகளைத் தாராளமாகப் பயன்படுத்த 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளும், 2022-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையும் வழிசெய்துள்ளன. இனித் தேசப்படம் ஆக்குவோர் தொகை பெருகும். படப் பின்னணி கொண்ட தாள்களும் பெருகும். அவற்றின் தரத்தை உயர்த்தும் ஆற்றல் வரைவோரிடம் மட்டும் இல்லை, படிப்போரிடமும் உண்டு. படிக்க இயலாத தாள் கைக்கு வந்தால், தனக்குப் படிக்கத் தெரியவில்லையே என்று களப்பணியாளர் நாணவேண்டுவதில்லை. எந்த இடத்தில் எந்தக் கோடு எதன்மேல் மறைந்தது என்று தாளிலேயே வட்டமிட்டு, குறிப்பெழுதித் திருப்பி அனுப்பவேண்டும். சுண்ணாம்புக் கோட்டை இழுத்துக் காமிராவுக்கு எல்லையை உணர்த்திய அதே கை, வரைவோருக்குத் தெளிவையும் உணர்த்த வல்லது.